வால் மேரி ஆர்.எம்.: ஆளில்லாத புல்வெளிக்கு ஒரு நகராட்சி எதற்கு?

வடக்குப்பயணி (ரெஜைனா)

மன்றத்து நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் வேலையாக, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து 4-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, அமெரிக்க எல்லையில் இருக்கும் மோன்சி வரை போய்வந்தேன். வழியில் "ரூரல் முனிசிபாலிட்டி ஆஃப் வால் மேரி, எண் 17" என்று ஒரு பலகை. ஊரக நகராட்சி, சுருக்கமாக ஆர்.எம். அதைத் தாண்டினால் இருபுறமும் புல், முள்கம்பி வேலி, எங்கோ தூரத்தில் மாடுகள். எதிரே வந்த ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பரப்பு மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். குடியிருப்பவர்கள் சில நூறு பேர். நடுவில் இருக்கும் வால் மேரி கிராமம் இந்தக் கணக்கில் வராது, அதற்குத் தனி மேயர், தனி கவுன்சில். சஸ்காச்சுவான் முழுக்க இப்படிப்பட்ட ஆர்.எம்.கள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீவ் (தலைவர்), கவுன்சிலர்கள், அலுவலகம், வரி.

இந்தச் சில நூறு பேருக்கு இவ்வளவு நிர்வாகம் எதற்கு? நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன? அங்கே வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

---

புல்தரை (ஸ்விஃப்ட் கரண்ட்)

வடக்குப்பயணி, நல்ல கேள்வி. இந்தப் பக்கத்து ஆர்.எம்.களுக்குச் சாலை, கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் குழாய்ப் பாலம்) வேலைகளில் தொழில்நுட்பராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.எம்.மை ஆள்கணக்கில் பார்த்தால் ஒன்றும் விளங்காது, நிலக்கணக்கில் பார்க்க வேண்டும். 1871-இல் கனடா அரசு மேற்குச் சமவெளியை அளக்க ஆரம்பித்தபோது அங்கே குடியேறிகள் அநேகமாகக் கிடையாது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதை நாலாக வெட்டினால் 160 ஏக்கர், ஒரு குவார்ட்டர். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் கட்டி, குறிப்பிட்ட காலம் குடியிருந்து உழுது காட்டினால் அந்தக் குவார்ட்டர் சொந்தம். இன்றைக்கும் இங்கே ஒருவரிடம் நிலம் எங்கே என்று கேட்டால் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களைத்தான் கடகடவென்று சொல்வார்.

அளக்கும்போதே சாலைக்கும் இடம் ஒதுக்கிவிட்டார்கள். வடக்கு-தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு-மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று, அகலம் 66 அடி. கூட்டிப் பார்த்தால் ஒரு டவுன்ஷிப்புக்கு 54 மைல் சாலை, காகிதத்தில். வால் மேரி ஆர்.எம்.மில் முப்பதுக்கு மேற்பட்ட டவுன்ஷிப் அளவுக்கு நிலம் இருக்கிறது. மேய்ச்சல் நிலமாக இருப்பதால் பெரும்பாலான இடத்தில் அந்தச் சாலை போடப்படவே இல்லை, வெறும் வண்டித்தடம்தான். ஆனால் போட்ட சாலையை யாராவது பார்த்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? பத்து மைல் சாலையின் கோடியில் ஒரே ஒரு குடும்பம் இருந்தாலும் பள்ளிப் பேருந்து அங்கே போக வேண்டும், மாடு ஏற்றும் லாரி போக வேண்டும், ஆம்புலன்ஸ் போக வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது கிரேடர், அதாவது பிளேடால் சாலையைச் சமன்செய்யும் இயந்திரத்தின் ஓட்டுநர். ஆர்.எம்.மில் மிக முக்கியமான ஆள் ரீவ் இல்லை, இவர்தான் என்பது என் எண்ணம். சரளைச் சாலையின் நடு முதுகு ஓரங்களைவிட உயர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் மழைநீர் இரண்டு பக்கமும் வடியும். வண்டி ஓட ஓட அந்த முதுகு தட்டையாகிவிடும், சரளையெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், அப்புறம் வரிவரியாக வாஷ்போர்டு விழும். கிரேடர்காரர் ஓரத்தில் ஒதுங்கியதை பிளேடால் வாரி நடுவுக்குக் கொண்டுவந்து பரப்பி, மறுபடி முதுகு எடுப்பார். இதற்குப் பதம் முக்கியம். மண் காய்ந்து கிடந்தால் தூசிதான் கிளம்பும், சரளை பிடிக்காது. ரொம்ப ஈரமாக இருந்தால் இந்த ஊர்க் களிமண், கம்போ என்பார்கள், பிளேடிலும் சக்கரத்திலும் அப்பிக்கொண்டு சாலையையே பெயர்த்துவிடும். மழை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து, மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உதிராமல் நிற்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். எந்தத் துண்டில் எந்த நாளில் அந்தப் பதம் வரும் என்பது ஓட்டி ஓட்டித்தான் தெரியும்.

சாலை தவிர மற்ற பொறுப்புகளும் உண்டு. களைச் செடி ஆய்வாளர் வைக்க வேண்டும், எலி ஒழிப்பு அதிகாரி வைக்க வேண்டும். வசந்தத்தில் பனி உருகி அடிமண் தளர்ந்திருக்கும்போது கனரக லாரிக்கு எடைக் கட்டுப்பாடு போட வேண்டும். தீயணைப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கல்வி வரியையும் சேர்த்து வசூலித்துக் கொடுப்பது இவர்கள்தான்.

---

கணக்குப்பிள்ளை (வினிபெக்)

புல்தரை சார், சாலை விளக்கம் அருமை. ஆனால் வடக்குப்பயணி கேட்டது வேறு. கிரேடர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் இத்தனை வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் மானிடோபாவில் இதை 2013-இல் சட்டம் போட்டே முடித்தார்கள். ஆயிரம் பேருக்குக் குறைவாக இருக்கும் நகராட்சிகள் பக்கத்தில் இருப்பவற்றோடு சேர வேண்டும் என்றது அரசு. பெரிய எதிர்ப்பு, வழக்குகூடப் போட்டார்கள். ஆனாலும் 2015 ஜனவரி 1 முதல் 197 நகராட்சிகள் 137 ஆகிவிட்டன. மாகாணம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

உங்கள் பக்கத்தில் கிளென் மெக்ஃபெர்சன் ஆர்.எம்.மில் 2016 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் எழுபது சொச்சம் பேர். அத்தனை பேருக்கும் ஒரு ரீவ், ஒரு நிர்வாகி, வருடாந்தரத் தணிக்கை, காப்பீடு, தேர்தல். தணிக்கையாளர் கட்டணம் ஆள் குறைவு என்று குறையாது. சின்ன அமைப்புகளின் கணக்கைப் பார்ப்பது என் தொழில். ஒரே ஆள் ரசீது போடுவார், அவரே வங்கிக்குப் போவார், அவரே கணக்கும் எழுதுவார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அது பாதுகாப்பான முறை கிடையாது. அவர் ஓய்வு பெற்றால் அடுத்த ஆள் கிடைப்பதும் பெரும்பாடு.

சஸ்காச்சுவானிலும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு குழு இணைப்பைச் சொல்லிப் பார்த்தது. கிராமப்புறம் கொதித்தெழுந்ததும் அரசு பின்வாங்கிவிட்டது. வாய்ப்பை நழுவவிட்டார்கள் என்பேன்.

---

சாலையோரம் (லெத்பிரிட்ஜ்)

நான் லாரி ஓட்டுகிறவன். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஓர் ஆர்.எம். முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் பலகை இல்லாமலே சக்கரத்துக்குத் தெரியும். நல்ல கிரேடர்காரர் இருக்கும் ஆர்.எம்.மில் கை அதிராது.

---

மண்வாசம் (சாஸ்கடூன்)

மண்ணியல் படித்தவள் என்ற முறையில் நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்த நிலம் ஏன் இப்படி ஆளில்லாமல் இருக்கிறது என்பதை யாரும் தொடவில்லையே.

1857 முதல் 1860 வரை ஜான் பாலிசர் என்பவர் பிரிட்டன் சார்பில் இந்தச் சமவெளியை ஆராய வந்தார். தெற்கே ஒரு பெரிய முக்கோணப் பகுதி வறண்டது, பயிருக்கு ஆகாது என்று எழுதிவைத்தார். இன்றும் அதற்குப் பாலிசர் முக்கோணம் என்றே பெயர். வால் மேரி அதன் உள்ளே இருக்கிறது. அடுத்து 1870களில் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன், அதெல்லாம் இல்லை, கோதுமை விளையும் பூமி என்றார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். பாலிசர் பார்த்தது வறண்ட ஆண்டுகளை, மக்கூன் பார்த்தது மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளை. அரசுக்கும் ரயில்வேக்கும் மக்கூன் சொன்னது இனித்தது.

1908-இல் சட்டத்தைத் திருத்தி, இலவசக் குவார்ட்டரோடு இன்னொரு குவார்ட்டரை ஏக்கர் மூன்று டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தென்மேற்கைத் திறந்துவிட்டார்கள். வால் மேரி பள்ளத்தாக்குக்குப் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்தது 1910-ஐ ஒட்டி. 1920களில் ரயில் வந்தது. நல்ல மழை, நல்ல விலை, எல்லாம் கூடி வந்தது.

அப்புறம் 1930கள். ஆண்டுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது மில்லிமீட்டர் மழைதான் அங்கே சராசரி, அதுவும் பொய்த்தது. புல்லின் வேர் பின்னிப் பிடித்துவைத்திருந்த மேல்மண்ணை ஏற்கெனவே உழுது விட்டிருந்தார்கள். காற்று அதை வாரிக்கொண்டு போனது. வேலி ஓரமெல்லாம் மண் குவிந்து, கம்பிகளையே மூடிய படங்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. வரி கட்ட முடியாமல் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். நிலம் வரி பாக்கிக்காக ஆர்.எம்.களின் கைக்கு வந்தது. ஆர்.எம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

1935-இல் மத்திய அரசு பி.எஃப்.ஆர்.ஏ. என்ற பிரெய்ரி மறுசீரமைப்பு அமைப்பைத் தொடங்கியது. கைவிடப்பட்ட வயல்களில் மறுபடி புல் விதைத்து, வேலி போட்டு, பொதுமேய்ச்சல் நிலமாக்கினார்கள். வால் மேரி, மேஸ்ஃபீல்ட் மேய்ச்சல் நிலங்கள் இப்படி உருவானவைதான். அங்கே ஓடும் ஃபிரெஞ்ச்மன் ஆற்றில் அணை கட்டித் தீவனப் புல் பாசனத்துக்கு நீரும் விட்டார்கள். சின்ன மாட்டுக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிக் கோடை முழுக்க மாடுகளை அங்கே விடலாம். பொலிகாளையும் அரசே வைத்திருந்தது. 2012-இல் மத்திய அரசு இந்தத் திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, நிலங்களை மாகாணத்திடம் ஒப்படைத்தது. இப்போது பெரும்பாலும் மேய்ப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகைக்கு நடத்துகிறார்கள்.

அங்கே ஆள் குறைவாக இருப்பது நிர்வாகக் கோளாறு இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த மண் தாங்கும் அளவுக்குத்தான் ஆள் இருக்கிறார்கள். 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்று திட்டம் போட்டது ஆட்டவாவில். அந்த வறண்ட நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் கோடையைக் கழிக்கவே பல ஏக்கர் வேண்டும்.

---

மாதுளை (ஸ்காபரோ)

தம்பிமாருக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். வாசிக்க வாசிக்க நல்லாயிருக்கு. ஒன்று கேட்கட்டுமா? எல்லாரும் 1871-இல் இருந்துதான் தொடங்குறீர்கள். "அங்கே ஆள் இல்லை" என்று அளந்தவர்கள் எழுதினால் நாமும் அப்படியே எழுதுவதா? அதற்கு முன்னம் அந்தப் புல்லில் வாழ்ந்த சனங்கள் எங்கே போனார்கள்?

---

மண்வாசம் (சாஸ்கடூன்)

மாதுளை அக்கா, இதைக் கேட்டதற்கு நன்றி.

அந்த நிலம் பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் இடையே 1874-இல் கையெழுத்தான 4-ஆம் எண் உடன்படிக்கைக்கு உட்பட்டது. க்ரீ, சோட்டோ, அசினிபாய்ன் மக்களின் வேட்டை நிலம். பைசன் எருமை மந்தைகளின் பின்னால் ஆண்டு முழுக்க நகர்ந்து வாழ்ந்தவர்கள். பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மேட்டீஸ் மக்களும் குளிர்கால முகாம் போட்டு வேட்டையாடினார்கள். ஃபிரெஞ்ச்மன் பள்ளத்தாக்கின் மேட்டில் நடந்தால் இன்றும் டீப்பி வளையங்களைப் பார்க்கலாம். கூடாரத் தோலின் ஓரத்தைக் காற்று தூக்காமல் இருக்கச் சுற்றிலும் வைத்த கற்கள். பாதி மண்ணில் புதைந்து, மேலே ஆரஞ்சு நிறப் பாசி படர்ந்து, ஒரு வட்டமாகக் கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விட்டிருந்தால் அது வாசல்.

அமெரிக்கப் படையோடு நடந்த 1876 லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்குப் பிறகு சிட்டிங் புல் தன் லகோட்டா மக்களோடு எல்லை தாண்டி, சற்றுக் கிழக்கே வுட் மவுண்டன் பக்கம் வந்து தங்கினார். அது 1877. கனடா அரசு அவருக்கு நிலமும் தரவில்லை, உணவும் தரவில்லை. பைசன் அருகிப்போய்ப் பசி தாங்காமல் 1881-இல் திரும்பிப் போய்ச் சரணடைந்தார். அவரோடு வந்தவர்களில் சிலர் போகாமல் தங்கிவிட்டார்கள், அவர்கள் வழியினர் வுட் மவுண்டன் லகோட்டா மக்களாக இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

எனவே அந்தப் பக்கத்தில் ஆளில்லாத நிலம் என்பது ஒரு தடவை உண்டாக்கப்பட்டது. முதலில் பைசனை அழித்தார்கள், அடுத்து அதை நம்பியிருந்தவர்களை ரிசர்வுகள் என்ற ஒதுக்கிடங்களுக்குள் அனுப்பினார்கள், அதன் பிறகுதான் இலவச நிலம் என்று விளம்பரம் போட்டார்கள். ஆர்.எம். வரைபடத்தின் சதுரங்களுக்கு அடியில் இது இருக்கிறது.

---

வடக்குப்பயணி (ரெஜைனா)

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ஆர்.எம்.முக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சில நூறு பேர் கட்டும் வரியில் கிரேடர் வாங்க முடியுமா? இரண்டு, கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா அங்கேதானே இருக்கிறது, அதனால் ஊருக்கு லாபமா நட்டமா?

---

புல்தரை (ஸ்விஃப்ட் கரண்ட்)

பணத்தைப் பற்றி முதலில். வரி ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. பயிர் நிலத்தைவிட மேய்ச்சல் நிலத்துக்கு மதிப்பும் குறைவு, வரி விகிதமும் குறைவு. அதனால் வால் மேரி மாதிரி புல் ஆர்.எம்.களுக்கு வருமானம் எப்போதும் இழுபறிதான். மாகாணம் தன் விற்பனை வரியில் ஒரு பங்கை நகராட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அப்புறம், குழாய் வழி. ஆல்பர்ட்டாவிலிருந்து வரும் ஃபுட்ஹில்ஸ் இயற்கை எரிவாயுக் குழாய் மோன்சியில்தான் எல்லை தாண்டி அமெரிக்கக் குழாயோடு சேர்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. குழாய் போகும் ஆர்.எம்.முக்கு அதன் மேல் வரி உண்டு. கீஸ்டோன் எக்ஸ்.எல். எண்ணெய்க் குழாயும் மோன்சி வழியாகத்தான் போவதாக இருந்தது. 2021-இல் அமெரிக்க அனுமதி ரத்தாகி, திட்டமே கைவிடப்பட்டது. அந்த வரியை எண்ணிக் கணக்குப் போட்டு வைத்திருந்த ஆர்.எம்.களுக்கு அது பெரிய அடி.

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொல்லும் இணைப்பு இங்கேதான் சிக்குகிறது. குழாய் போகும் ஆர்.எம்., குழாய் இல்லாத பக்கத்து ஆர்.எம்.மோடு சேர ஏன் சம்மதிக்கும்? அதோடு, இரண்டு ஆர்.எம்.கள் சேர்ந்தால் சாலை ஒரு மைல்கூடக் குறையாது. கிரேடர் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் வேலை செய்யும், ஒரு ஓட்டுநர் பார்த்துக்கொள்ளும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஓர் அலுவலகச் சம்பளம் மிச்சமாகலாம், சரி. ஆனால் அலுவலகம் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், கல்வெர்ட் அடித்துக்கொண்டு போன அன்று யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது கவுன்சிலருக்கு ஒரு போன் போதும், அவர் வீடும் அதே சாலையில்தான் இருக்கும்.

அப்புறம் ஒன்று, நிலம் இருந்தால் போதும், அங்கே குடியிருக்காவிட்டாலும் ஆர்.எம். தேர்தலில் ஓட்டு உண்டு. நிர்வாகம் நிலத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது என்று முதலில் எழுதினேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை (வினிபெக்)

புல்தரை, சாலை குறையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கவலை ஆட்கள் குறைவதைப் பற்றியது. 1936-இல் சஸ்காச்சுவானில் 1,42,391 பண்ணைகள் இருந்தன. 2021-இல் 34,128. சராசரிப் பண்ணை இப்போது 1,766 ஏக்கர். கனடாவில் பண்ணை நடத்துபவரின் சராசரி வயது 56. ஆறு பிரிவுக்கு ஆறு கவுன்சிலர், மேலே ஒரு ரீவ். பெரும்பாலும் போட்டியே இல்லாமல் தேர்வாகிறார்கள். போட்டியில்லை என்றால் திருப்தி என்று நீங்கள் சொல்லலாம். நிற்க ஆளில்லை என்று நான் சொல்கிறேன். இன்னும் இருபது ஆண்டில் அந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள்? அப்போது அவசர அவசரமாகச் சேர்ப்பதைவிட, இப்போதே நிதானமாகப் பேசி, கிரேடர் பட்டறையை ஊரிலேயே வைத்துக்கொண்டு, கணக்கையும் தணிக்கையையும் மட்டுமாவது ஒன்றாக்கலாம் இல்லையா?

---

செவிலி_சஸ்க் (மூஸ் ஜா)

உள்ளே வரலாமா? நான் நர்ஸ். கணக்குப்பிள்ளை சார் சொல்லும் "ஒன்றாக்கலாம்" என்ற சொல்லைக் கேட்டால் கிராமத்தில் ஏன் பதறுகிறார்கள் என்று சொல்கிறேன்.

1993-இல் மாகாண அரசு பணமில்லை என்று கிராமப்புறத்தில் 52 சிறு மருத்துவமனைகளை மூடியது, அல்லது வெறும் சுகாதார மையமாக மாற்றியது. இன்றைக்கும் வயதான கிராமத்து நோயாளிகள் அந்த ஆண்டைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். 2017 மே மாதக் கடைசியில் அரசுப் பேருந்து நிறுவனம் எஸ்.டி.சி.யை நிறுத்தினார்கள். கார் ஓட்ட முடியாத ஒரு பாட்டி டயாலிசிஸுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ சாஸ்கடூனுக்கும் ரெஜைனாவுக்கும் வர அந்தப் பேருந்துதான் வழியாக இருந்தது. அவசரமான மருந்தும் ரத்த மாதிரியும்கூட அதில்தான் வரும். இப்போது பிள்ளைகள் வேலைக்கு விடுப்புப் போட்டுக் கூட்டிவர வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீடு என்றால் எட்டு கிலோமீட்டர்.

ரயில் போனது, தானிய எலிவேட்டர்கள் (தானியம் சேமித்து ரயிலில் ஏற்றும் உயரமான கிடங்குகள்) போயின, பள்ளி போனது, மருத்துவமனை போனது, பேருந்து போனது. ஒவ்வொரு தடவையும் "சேவை குறையாது, ஒன்றாக்குகிறோம்" என்றுதான் சொன்னார்கள். கடைசியாகக் கையில் மிஞ்சியிருப்பது ஆர்.எம். ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

---

சாலையோரம் (லெத்பிரிட்ஜ்)

வால் மேரியில் ஒரு மர எலிவேட்டரை ஊர்க்காரர்களே பராமரித்து நிற்க வைத்திருக்கிறார்கள். ஹாக்கி ரசிகர்களுக்கு: பிரயன் ட்ராட்டியே அந்த ஊர்ப் பிள்ளைதான். ஐலாண்டர்ஸோடு நாலு, பிட்ஸ்பர்க்கோடு இரண்டு என்று ஆட்டக்காரராக ஆறு ஸ்டான்லி கோப்பை. ஃபிரெஞ்ச்மன் ஆற்றில் உறைந்த பனியில் பழகியவர்.

---

மண்வாசம் (சாஸ்கடூன்)

பூங்காவைப் பற்றி வடக்குப்பயணி கேட்டது அப்படியே நிற்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிராஸ்லாண்ட்ஸ் பூங்காவுக்கு 1981-இல் முதல் ஒப்பந்தம், 1988-இல் திருத்திய ஒப்பந்தம், சட்டப்படி அறிவித்தது 2001-இல். இத்தனை ஆண்டு இழுத்ததற்குக் காரணம், நிலத்தைப் பிடுங்கவில்லை. விற்க மனமுள்ள பண்ணைக்காரர்களிடம் மட்டும், அவர்கள் விற்கும்போது மட்டும் வாங்கினார்கள். மேற்குப் பகுதி வால் மேரியை ஒட்டி, கிழக்குப் பகுதி கில்டீர் பக்கம். கனடாவில் கருவால் பிரெய்ரி நாய்கள் காட்டில் வாழ்வது இந்த வட்டாரத்தில் மட்டும்தான். பெயர் நாய் என்றாலும் அணில் குடும்பம். 2005 டிசம்பரில் எல்க் ஐலாண்ட் பூங்காவிலிருந்து 71 பைசன்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அந்தப் புல்லை மறுபடி பைசன் மேய்ந்தது. 2009-இல் பிரெய்ரி நாய்களை வேட்டையாடி வாழும் கருங்கால் ஃபெரட் என்ற சிறு விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஆண்டே பிரெய்ரி நாய்களிடம் பிளேக் நோய் தெரிந்தது, வறட்சியும் வந்தது, ஃபெரட் நிலைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்.

லாபமா நட்டமா என்றால், இரண்டும் உண்டு. ஒரு பண்ணை பூங்காவாக மாறினால் அங்கே ஒரு குடும்பம் குறைகிறது, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். மத்திய அரசு சொத்து வரி கட்டாது, அதற்கு ஈடாக ஒரு தொகை தரும். மறுபக்கம் பூங்கா வேலைகள், சுற்றுலாக்காரர்கள், கிராமத்தில் பார்வையாளர் மையம். 2009-இல் இருண்ட வானக் காப்பகமாகவும் (செயற்கை வெளிச்சம் குறைவாக வைத்திருக்கும் இடம்) அறிவித்த பிறகு நட்சத்திரம் பார்க்கவே வருகிறார்கள்.

ஆரம்பத்தில் பூங்காவுக்குள் மாட்டை விலக்கிவைத்தார்கள். மேய்ச்சல் இல்லாமல் புல் அடர்ந்து மூடியதும், குட்டைப் புல்லில் வாழும் பறவைகளுக்கு அது ஒத்துவரவில்லை. இப்போது சில இடங்களில் மாடுகளையே திட்டமிட்டு மேய விடுகிறார்கள். அதாவது, மாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததைப் பூங்கா பின்னால் ஏற்றுக்கொண்டது. சஸ்காச்சுவானின் இயற்கைப் புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது. மிஞ்சியதில் பெரும்பகுதி பூங்காவுக்குள் இல்லை, மேய்ச்சல்காரர்கள் கையில் இருக்கிறது. 2013-இல் சேஜ் கிரவுஸ் பறவைக்காக மத்திய அரசு அவசர ஆணை போட்டபோது அவர்கள் கசந்துகொண்டதற்குக் காரணமும் இதுதான். உழாமல் வைத்திருந்தவர்கள் நிலத்தில்தான் அந்தப் பறவை மிஞ்சியது, கட்டுப்பாடும் அவர்கள் மேல்தான் வந்து விழுந்தது.

கணக்குப்பிள்ளை அண்ணா, மாடு வளர்ப்பு கட்டுப்படியாகாமல் போனால் அந்தப் புல்லை உழுதுவிடுவார்கள். உழுதது திரும்பி வராது. அந்தக் குடும்பங்கள் அங்கே தொடர்ந்து இருக்கச் சாலை வேண்டும், சாலைக்கு ஆர்.எம். வேண்டும். என் கணக்கு இவ்வளவுதான்.

---

கணக்குப்பிள்ளை (வினிபெக்)

மண்வாசம், புல்லுக்காகச் சாலை என்ற வாதம் வலுவானது. அப்படியானால் அந்தச் செலவைச் சில நூறு பேர் தலையில் ஏற்றாமல் மாகாணமே கூடுதலாகத் தர வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும்? புல்வெளி மிஞ்சுவதன் பலன் எல்லாருக்கும்தானே. அதை நான் ஆதரிப்பேன். தணிக்கையை ஒன்றாக்க வேண்டும் என்பதிலும் மாறவில்லை.

---

புல்தரை (ஸ்விஃப்ட் கரண்ட்)

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணா. பக்கத்து ஆர்.எம்.கள் சேர்ந்து ஒரே நிர்வாகியை வைத்துக்கொள்வது, தீயணைப்பு வண்டியைப் பகிர்ந்துகொள்வது எல்லாம் இப்போதே நடக்கிறது. யாரும் மேலிருந்து கட்டாயப்படுத்தாதபோது அவர்களே சேர்கிறார்கள்.

---

வடக்குப்பயணி (ரெஜைனா)

ஆகஸ்டில் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன என்று சொல்வீர்களா?

---

புல்தரை (ஸ்விஃப்ட் கரண்ட்)

தாராளமாகப் போய்வாருங்கள். ஸ்விஃப்ட் கரண்டிலேயே டாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறைய வையுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் போன் எடுக்காது. மழை பெய்தால் சரளை இல்லாத மண்சாலைப் பக்கமே போகாதீர்கள், கம்போவில் சிக்கினால் இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும். பைசனுக்கு நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பிரெய்ரி நாய் வளைப் பக்கம் பிள்ளைகள் கையை விடக் கூடாது, ராட்டில் பாம்பு இருக்கும். மாட்டு வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுவிட்டு வாருங்கள்.

மிக முக்கியம், காரை உயரமான காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் சைலன்சர் சூட்டிலேயே புல் பற்றிக்கொள்ளும். 2017 அக்டோபரில் ஆல்பர்ட்டா எல்லைப் பக்கம் பலத்த காற்றில் பரவிய புல் தீயில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பலர் கோடை முழுக்கப் பிக்கப்பில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றியே வைத்திருப்பார்கள். புகை தெரிந்தால் உடனே 911-க்கு அடியுங்கள். தெரு முகவரி இருக்காது, அதனால் சாலைச் சந்திப்பில் இருக்கும் ரேஞ்ச் ரோடு, டவுன்ஷிப் ரோடு எண்களை வழியில் பார்த்துக்கொண்டே போங்கள்.